காரில் ஹீட் மீற்றர் பூட்டுவது: கரண்ட் எங்கே எடுப்பது, எர்த் எங்கே கொடுப்பது

மாலை ஆறு மணிக்கு வெள்ளவத்தையில், காலி வீதியில், ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ஒரு பஸ்ஸின் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எஞ்சின் எத்தனை பாகையில் இருக்கிறது? விட்ஸ், வேகன் ஆர், ஃபிட் போன்ற கார்களில் அதைச் சொல்ல ஊசியே கிடையாது. எஞ்சின் குளிராக இருந்தால் நீல விளக்கு, எல்லை மீறினால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். இடையில் 85 பாகையா 105 பாகையா என்று தெரியாது. சிவப்பு விளக்கு எரிகிற நேரத்தில் பல பேருக்கு எஞ்சினின் தலைப்பகுதியை அடைத்து வைத்திருக்கும் ஹெட் கஸ்கெட் போய்விட்டிருக்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் கொழும்பில் எல்லாரும் கையிலிருந்த காரையே பழுது பார்த்து ஓட்டப் பழகினோம். இன்று வாங்க நினைத்தாலும் விலை கையைச் சுடுகிறது. அதனால் பத்துப் பதினைந்து வருடக் காரில் தனியாக ஒரு ஹீட் மீற்றர் பூட்டுவது வீண் செலவே அல்ல என்பது என் எண்ணம்.

மீற்றர் வாங்குவது சுலபம். அதற்குப் போகும் நான்கு வயரை எங்கே பிடிப்பது என்பதில்தான் தடுமாறுகிறோம். அதிலும் எர்த்தில், அதாவது காரின் உலோக உடல் (பொடி) வழியாகக் கரண்ட் பற்றரிக்குத் திரும்பும் இணைப்பில். என் விட்ஸில் ஒரு கராஜில் மீற்றர் பூட்டிய முதல் மாதம், மழை பெய்தால் ஊசி ஏறும். வெயிலில் 88இல் நிற்கும், மழை வந்தால் 97. மழையில் எஞ்சின் எப்படிச் சூடாகும்? தெர்மோஸ்டாட் மாற்றினேன், ரேடியேற்றர் மூடி மாற்றினேன், கூலண்டை முழுக்க இறக்கி மாற்றினேன். கடைசியில் கொட்டாஞ்சேனையில் நெடுங்காலமாக வயரிங் வேலை செய்யும் ஒரு ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் எஞ்சின் பக்கம் போகவே இல்லை. மீற்றருக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, மீற்றர் நல்லது. எர்த்தைத்தான் பார்க்கோணும்” என்றார்.

அவர் காட்டியது இதுதான். மீற்றரின் எர்த்தும், தனியாகப் பூட்டிய இரண்டு ஃபொக் விளக்கின் எர்த்தும் ஒரே ஸ்க்ரூவில், பெயின்ற் அடித்த ஒரு தகட்டின் மேல் முறுக்கப்பட்டிருந்தன. விளக்கு ஒவ்வொன்றும் 55 வொட். இரண்டும் எரியும்போது ஏறக்குறைய 9 அம்பியர் அந்த ஸ்க்ரூ வழியாகப் பற்றரிக்குத் திரும்புகிறது. பெயின்ற் தடுத்ததால் அந்த இடத்தில் 0.38 வோல்ட் தேங்கி நின்றது. மழை வந்தால் நான் ஃபொக் விளக்கைப் போடுவேன், போட்டதும் மீற்றரின் எர்த் 0.38 வோல்ட் மேலே போகும், மீற்றர் அதைச் சூடு என்று வாசிக்கும். மூன்று தடவை செலவு செய்தது ஒரு ஸ்க்ரூவுக்குக் கீழே இருந்த பெயின்ற்றுக்காக. உங்களுக்கு அந்தச் செலவு வரக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மீற்றரில் வரும் வயர்கள்

ஹீட் மீற்றரோ, ஒயில் பிரஷர் மீற்றரோ, வோல்ட் மீற்றரோ, மின்சாரத்தில் வேலை செய்யும் எந்த மீற்றருக்கும் தேவை ஒன்றுதான். திறப்பை ஒன் செய்ததும் வரும் 12 வோல்ட் ஒன்று, பொடிக்குப் போகும் எர்த் ஒன்று, இரவு விளக்குக்கு ஒன்று. சில மீற்றர்களில் நான்காவதாக, திறப்பை எடுத்த பிறகும் இருக்கும் நிரந்தர 12 வோல்ட் கேட்பார்கள். அதிகபட்சச் சூட்டை நினைவில் வைத்திருப்பதற்கும், திறப்பை மூடியதும் ஊசி ஒழுங்காகச் சுழியத்துக்குத் திரும்புவதற்கும் அது வேண்டும். இவற்றை விட சென்சருக்குப் போகும் வயர் தனி.

நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு கம்பனியின் சிவப்பு நிரந்தர கரண்ட், இன்னொரு கம்பனியின் சிவப்பு திறப்போடு வரும் கரண்ட். பெட்டியில் வந்த தாளைப் பார்த்து, ஒவ்வொரு வயரிலும் சின்ன மாஸ்கிங் டேப் துண்டை ஒட்டி, பேனாவால் “எர்த்”, “திறப்பு”, “விளக்கு”, “நிரந்தரம்” என்று எழுதிவிடுங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்திருக்கும்போது அந்தத் துண்டின் அருமை தெரியும். காரின் பக்கமும் இதே கதை. டொயோட்டாவில் எர்த் வயர் பெரும்பாலும் வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டது. வெள்ளை என்றால் விளக்குத்தானே என்று நினைத்துப் பிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போகும் முன்

உங்கள் காரின் பியூஸ் பெட்டியைத் திறந்து ஒரு பியூஸைக் கழற்றிக் கையில் கொண்டு போங்கள். பியூஸ்கள் ஒரே வடிவமாகத் தெரிந்தாலும் சாதாரண பிளேட், மினி, உயரம் குறைந்த மினி, மைக்ரோ என்று பல அளவுகள் உண்டு. கடைக்காரரிடம் மாதிரியைக் காட்டி, அதே அளவில் பியூஸ் டாப் ஒன்று கேளுங்கள். பெயர் புரியவில்லை என்றால் இப்படிச் சொல்லுங்கள்: இரண்டு பியூஸ் ஒன்றின் மேல் ஒன்று குத்தலாம், பக்கத்தால் ஒரு வயர் வரும். நிரந்தர கரண்டும் தேவை என்றால் இரண்டு வாங்குங்கள். விளக்குக்கும் பியூஸ் பெட்டியிலேயே எடுக்கப்போகிறீர்கள் என்றால் மூன்று.

வயர் 0.5 அல்லது 0.75 சதுர மில்லிமீற்றர் போதும். மீற்றர் ஒன்று இழுப்பது ஒரு அம்பியரை விட நன்றாகக் குறைவு. ஆனால் பல இழை கொண்ட, வாகனத்துக்கென்றே வரும் வயராக இருக்க வேண்டும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி வயரைப் போட்டால் அதிர்வில் உள்ளுக்குள் உடையும், வெளியே உறை முழுசாக இருக்கும், பழுதைத் தேடி ஒரு ஞாயிறு முழுக்கப் போகும். இவற்றோடு வளைய லக் (வயர் நுனியில் அழுத்தும் உலோக வளையம்), ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் உறை), கேபிள் டை, 2 அல்லது 3 அம்பியர் பியூஸ். 2 அம்பியர் சாம்பல் நிறம், 3 அம்பியர் ஊதா. அப்புறம், ஒரு மல்டிமீற்றர். மலிவானதே போதும், ஆனால் அது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

லக் அழுத்தும் குறட்டுக்குக் கொஞ்சம் கூடச் செலவழியுங்கள். சாதாரணக் குறட்டால் நசுக்கிய லக் அன்றைக்குப் பிடிக்கும், ஆறு மாதத்தில் தளரும்.

தொட வேண்டாதவை

காருக்குள் மஞ்சள் உறையோ மஞ்சள் பிளக்கோ போட்ட வயர்கள் எயார் பேக்குக்குரியவை. அவற்றில் கரண்ட் எடுக்கவும் வேண்டாம், சோதிக்கவும் வேண்டாம். பல பேர் அழகுக்காக மீற்றரை முன் கண்ணாடியின் ஓரத் தூணில் பூட்டுகிறார்கள். உங்கள் காரில் திரை எயார் பேக் இருந்தால் அது அந்தத் தூணுக்குள்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அது விரியும்போது மீற்றர் ஒரு கல்லைப் போல முகத்துக்கு வரும். தூணின் மூடியில் எயார் பேக் என்று எழுதியிருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு டாஷ்போர்டின் மேல் பூட்டுங்கள்.

அக்வா, பிரியஸ், வெசல் போன்ற ஹைபிரிட் காரில் செம்மஞ்சள் உறை போட்ட தடித்த கேபிள்கள் உயர் அழுத்தம். அவற்றிலிருந்து கை தூரம். மீற்றருக்குத் தேவையானது அந்தக் காரிலும் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பற்றரியின் கரண்ட்தான். அக்வாவிலும் பழைய பிரியஸிலும் அந்தப் பற்றரி பின்பக்கம் இருக்கும்.

சோதிக்கும் வேலைக்குப் பற்றரி இணைந்திருக்க வேண்டும். வயர் வெட்டும், லக் அடிக்கும், பூட்டும் வேலைக்குப் பற்றரியின் கழித்தல் முனையைக் கழற்றிவிடுங்கள். எயார் பேக் உள்ள கார் என்றால் கழற்றிய பிறகு குறைந்தது 90 செக்கன் காத்திருங்கள். ரேடியோ நிலையங்களும் மணிக்கூடும் அழிந்துபோகும், ரேடியோவுக்கு இரகசிய இலக்கம் இருந்தால் முதலே எழுதி வையுங்கள்.

முதல் படி: சரியான பியூஸைத் தேடுவது

ஓட்டுநர் பக்கம் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பியூஸ் பெட்டியைத் திறங்கள். ஜப்பானிலிருந்து நேரே வந்த காரின் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும், கவலை வேண்டாம், மல்டிமீற்றருக்கு மொழி தேவையில்லை.

மல்டிமீற்றரை நேரோட்ட (DC) வோல்ட்டில், 20 என்ற இடத்தில் வையுங்கள். கறுப்பு முனையைக் கதவுக்குப் பக்கத்தில் பெயின்ற் இல்லாத ஒரு போல்ட்டில் பிடியுங்கள். ஒவ்வொரு பிளேட் பியூஸின் தலையிலும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். சிவப்பு முனையால் அவற்றைத் தொடுங்கள், பியூஸைக் கழற்றத் தேவையில்லை. இதை மூன்று நிலையில் செய்ய வேண்டும்.

திறப்பு வெளியே இருக்கும்போதே 12 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அது நிரந்தர கரண்ட். உள்விளக்கின் பியூஸ், டோம் என்று எழுதியிருப்பது, இப்படித்தான் இருக்கும். திறப்பை முதல் கட்டத்துக்குத் திருப்பியதும் வருவது ஏசிசி, ரேடியோவும் சிகரெட் லைட்டரும் அதில்தான். இரண்டாவது கட்டத்தில் வருவது இக்னிஷன். பட்டனை அமத்தி ஸ்டார்ட் பண்ணும் கார் என்றால், பிரேக்கை மிதிக்காமல் ஒரு தடவை அமத்தினால் ஏசிசி, இன்னொரு தடவை அமத்தினால் இக்னிஷன்.

ஏசிசிக்கும் இக்னிஷனுக்கும் உள்ள வேறுபாட்டை நிறையப் பேர் கவனிப்பதில்லை. எஞ்சினைச் சுழற்றும் அந்த இரண்டு செக்கனில் கார் ஏசிசியை வெட்டிவிடும், ஸ்டார்ட்டருக்கு முழுப் பலமும் போவதற்காக. ஏசிசியில் பிடித்த மீற்றர் அந்த நேரத்தில் செத்து மறுபடி உயிர்க்கும், கரண்ட் வந்ததும் சோதனைக்காக ஒரு தடவை ஓடித் திரும்பும் ஊசி இரண்டாவது தடவையும் ஓடிப்போய்த் திரும்பும். அதனால் இக்னிஷனைத் தேடுங்கள். உறுதிசெய்ய ஒருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, நீங்கள் மல்டிமீற்றரைப் பாருங்கள். இக்னிஷன் பியூஸ் 10 வோல்ட் அளவுக்கு இறங்கி ஏறும். ஏசிசி பியூஸ் நேரே சுழியத்துக்குப் போய் வரும்.

இக்னிஷன் பியூஸ்கள் நான்கைந்து கிடைக்கும். அவற்றுள் எயார் பேக், ஏ.பி.எஸ்., எஞ்சின் கணினி, எரிபொருள் பம்ப் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். வைப்பர், பின் கண்ணாடி வைப்பர் போன்றது நல்லது. உங்கள் வேலையில் ஏதாவது பிழைத்தால் நின்றுபோவது ஒரு வைப்பராக இருக்கட்டும், எஞ்சினாக இருக்க வேண்டாம்.

பல்ப் போட்ட டெஸ்ட் லாம்ப்பால் தேடும் பழக்கம் நம் கராஜ்களில் இன்னும் இருக்கிறது. பியூஸ் பெட்டியில் பரவாயில்லை. கணினிக்குப் போகும் மெல்லிய வயர்களில் அந்தப் பல்ப் இழுக்கும் கரண்டே கணினியைக் கெடுக்கப் போதும்.

இரண்டாம் படி: பியூஸ் டாப்பின் திசை

பியூஸ் டாப்பில் இரண்டு பியூஸ் போகும். காலுக்குப் பக்கத்தில் இருக்கும் இடம் பழைய பியூஸுக்கு, அதற்கு மேலே இருக்கும் இடம் உங்கள் மீற்றரின் 2 அல்லது 3 அம்பியருக்கு. பழையது 10 அம்பியர் சிவப்பாக இருந்தால் அதே 10ஐப் போடுங்கள், கூட்ட வேண்டாம். புதிய இடத்தில் “பலமாக இருக்கட்டும்” என்று 10 போடுவதை நான் பல கார்களில் பார்த்திருக்கிறேன். பியூஸ் காப்பாற்றுவது வயரை. டாஷ்போர்டின் கூரான தகட்டில் உறை உரசிப் பொடியில் பட்டால், 2 அம்பியர் பியூஸ் உடனே போய்விடும். 10 அம்பியர் பியூஸ் அதைவிடக் கூடத் தாங்கும், அதற்குள் சூடாவது வயர்.

இப்போது திசை. பியூஸ் டாப்பை இரண்டு விதமாகவும் குத்தலாம், இரண்டிலும் மீற்றர் எரியும், ஆனால் ஒன்றுதான் சரி. சரியான திசையில் மீற்றரின் கரண்ட் பழைய பியூஸைத் தொடாமல் தன் பியூஸ் வழியாக மட்டும் போகும். தவறான திசையில் முதலில் பழைய பியூஸ், பிறகு உங்கள் பியூஸ் என்று இரண்டையும் தாண்டிப் போகும். வைப்பரின் பியூஸ் போனால் மீற்றரும் சேர்ந்து சாகும்.

கண்டுபிடிக்கும் வழி மிக எளிது. பியூஸ் டாப்பில் பழைய பியூஸைப் போடாமல், புதிய சின்னப் பியூஸை மட்டும் போட்டுப் பெட்டியில் குத்துங்கள். திறப்பை ஒன் செய்து, வெளியே வரும் வயரில் அளந்து பாருங்கள். 12 வோல்ட் வந்தால் திசை சரி. வரவில்லை என்றால் கழற்றித் திருப்பிக் குத்துங்கள். அதன் பிறகு பழைய பியூஸை அதன் இடத்தில் போடுங்கள். நிரந்தர கரண்ட்டுக்கும் இதே சோதனை. குத்திய பிறகு பியூஸ் பெட்டியின் மூடி மூடாவிட்டால் மூடியைக் கத்தியால் வெட்ட வேண்டாம், மூடி மூடுகிற இன்னொரு பியூஸைத் தேடுங்கள்.

மூன்றாம் படி: இரவு விளக்கு

பார்க்கிங் விளக்கைப் போட்டதும் 12 வோல்ட் வரும் டெயில் பியூஸில் எடுங்கள், அவ்வளவுதான். டாஷ்போர்டுக்குள் ஏதாவது சுவிட்சின் பின்னால் விளக்கு வயரைப் பிடிக்கும் ஆசை வரும். பழைய டொயோட்டாக்களில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் எர்த் பக்கத்தில் வேலை செய்கிறது, புதிய கார்களில் கரண்டை விட்டு விட்டுக் கொடுத்து மங்கச் செய்கிறார்கள். இரண்டிலும் மீற்றரின் விளக்கு துடிக்கும், அல்லது மங்கவே மங்காது. ரேடியோவின் பின்னாலிருந்து எடுக்கத்தான் வேண்டும் என்றால், பல டொயோட்டாக்களில் ரேடியோவுக்கு வரும் பச்சை வயர் விளக்கு, சாம்பல் ஏசிசி, நீலத்தில் மஞ்சள் கோடு நிரந்தரம், கபில நிறம் எர்த். பிடிக்கும் முன் அளந்து பாருங்கள், முன்னைய உரிமையாளர் ரேடியோவை மாற்றியிருந்தால் நிறமும் மாறியிருக்கும்.

நான்காம் படி: எர்த்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் கொடுங்கள்.

முன் கதவைத் திறந்து, கால் வைக்கும் இடத்தின் பக்கத்து பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால், பெரும்பாலான கார்களில் கம்பனியே வயர்களைச் சேர்த்து முறுக்கிய ஒரு எர்த் போல்ட் தெரியும். நல்ல இடம். அங்கே இடமில்லை என்றால், பொடியோடு வெல்ட் செய்த தகட்டில் இருக்கும் வேறொரு போல்ட்டைத் தேடுங்கள். ஸ்டியரிங்கைத் தாங்கும் பிராக்கெட், ரேடியோ பிராக்கெட், டாஷ்போர்டில் தானே மரை வெட்டி இறங்கும் ஸ்க்ரூ இவை வேண்டாம். ஃபொக் விளக்கு, ஹோர்ன், அம்ப்ளிஃபையர் எதுவும் அந்த போல்ட்டில் இருக்கக் கூடாது. மீற்றருக்குத் தனி லக்.

போல்ட்டைக் கழற்றி, லக் உட்காரும் அளவுக்கு வட்டமாக சாண்ட்பேப்பரால் தேயுங்கள். பெயின்ற் போனால் போதாது, அதன் கீழே இருக்கும் சாம்பல் நிறப் பூச்சும் போய், உலோகம் வெள்ளியாக மினுங்க வேண்டும். லக்கின் கீழே பல் வைத்த வொஷர் போடுங்கள், இறுக்கும்போது அது உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும். இறுக்கிய பிறகு, முன்பு அல்ல, மேலே கொஞ்சம் வசலின் பூசுங்கள். கடற்கரையோரம் இருக்கிறவர்கள் இதைத் தவறவிட வேண்டாம். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் மரைன் டிரைவ் பக்கம் நிற்கும் கார்களில் உப்புக் காற்று தேய்த்த உலோகத்தை எவ்வளவு வேகமாகத் தின்னும் என்று பொனெட்டைத் திறந்தாலே தெரியும்.

இனி அளவை. பற்றரியை இணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏ.சி. ஊதி, பின் கண்ணாடி ஹீற்றர், எல்லாவற்றையும் போடுங்கள். மல்டிமீற்றரின் ஒரு முனை உங்கள் லக்கின் மேல், மற்ற முனை பற்றரியின் கழித்தல் முனையில். வயர் எட்டாவிட்டால் ஒரு நீளத் துண்டு வயரை நீட்டிப் பிடியுங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே வர வேண்டும். என் காரில் அந்த ஐயா தேய்த்து, ஃபொக் விளக்கின் எர்த்தை வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு 0.38 இருந்த இடத்தில் 0.02 வந்தது. மழையில் ஊசி ஏறுவது அன்றோடு நின்றது.

உங்கள் சென்சர் ஒற்றை வயர் வகை என்றால் இன்னொரு அளவையும் எடுங்கள்: லக்குக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையில். ஒற்றை வயர் சென்சர் தன் எர்த்தை எஞ்சினிலிருந்து எடுக்கிறது, மீற்றர் தன் எர்த்தை பொடியிலிருந்து எடுக்கிறது. இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் வந்தால் அது பாகையாக ஊசியில் தெரியும். இரண்டு வயர் சென்சரில் எர்த்தும் மீற்றருக்கே திரும்பி வருவதால் இந்தத் தொல்லை இல்லை. கடையில் இரண்டும் இருந்தால் இரண்டு வயரையே வாங்குங்கள்.

ஐந்தாம் படி: சென்சரும் அதன் வயரும்

எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் ரேடியேற்றர் மூடியைத் தொட வேண்டும். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு திறந்தால் மொத்தமாகக் கொதித்து முகத்தில் அடிக்கும்.

சென்சரை வைக்க எளிய இடம் ரேடியேற்றரின் மேல் குழாய். குழாயை வெட்டி நடுவில் அலுமினிய அடப்டர் ஒன்றை நுழைத்துக் கிளிப் போடுவார்கள். குழாயின் உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள். மரையிலும் கவனம் வேண்டும். எட்டில் ஒரு அங்குல மரை என்று இரண்டு வகை வரும். அமெரிக்க என்.பி.டி. அங்குலத்துக்கு 27 மரை, ஜப்பானிய பி.டி. 28. முதல் இரண்டு சுற்று இரண்டும் ஒன்றோடொன்று பிடிக்கும், பிறகு இறுகும், பலமாக முறுக்கினால் அலுமினியம் வெடிக்கும்.

ஒற்றை வயர் சென்சர் வைத்திருப்பவர்கள் கேளுங்கள்: அந்த அடப்டரின் இரண்டு பக்கமும் இரப்பர் குழாய். எர்த் எங்கிருந்து வரும்? வராது. ஊசி அசையாமல் கிடக்கும், மீற்றர் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவார்கள். அடப்டரிலிருந்து எஞ்சினுக்கு ஒரு எர்த் வயர் ஓட்டுங்கள், பல அடப்டர்களில் அதற்கென்றே ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். மரையில் டெப்லோன் டேப்பையும் அளவோடு சுற்றுங்கள், அளவு மீறினால் அதுவும் எர்த்தைத் தடுக்கும்.

வயரைக் காருக்குள் கொண்டுவரப் புதிதாகத் துளை போட வேண்டாம். எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகட்டில், கம்பனியின் பெரிய வயர்க் கட்டு நுழையும் இடத்தில் தடித்த இரப்பர் ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில் சின்னதாகக் கீறி, பழைய சைக்கிள் ஸ்போக் ஒன்றில் வயரை டேப்பால் கட்டி உள்ளே தள்ளுங்கள். நுழையும் இடத்துக்கு முன்னால் வயர் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும், மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டி விழும், உள்ளே வராது. எக்சோஸ்ட், மின்விசிறி, பெல்ட் இவற்றிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

ஆறாம் படி: இணைப்புகள்

லக் அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் போடுவதே என் விருப்பம். ஈயம் வைத்த இணைப்பு பலமாகத் தெரியும், ஆனால் ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்துப்போகும், அந்த விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு அதை உடைக்கும். வயரை வெட்டாமல் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப் வேண்டவே வேண்டாம். அது இழைகளை அறுக்கிறது, அறுந்த இடத்தில் ஈரம் ஏறிப் பச்சையாகிறது. வெறும் இன்சுலேஷன் டேப்பும் வேண்டாம். மதிய வெயிலில் காலிமுகத்திடலில் நின்ற காருக்குள் அந்தப் பசை தேனைப் போல உருகி டேப் தானாக அவிழும். ஒவ்வொரு லக்கையும் அழுத்திய பிறகு கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வரட்டும்.

ஏழாம் படி: மூடும் முன்

எல்லா பிளாஸ்டிக்கும் திறந்திருக்கும்போதே சோதியுங்கள். திறப்பை ஒன் செய்ததும் ஊசி ஓடித் திரும்ப வேண்டும், ஸ்டார்ட் பண்ணும்போது இரண்டாம் தடவை ஓடக் கூடாது. பார்க்கிங் விளக்கோடு மீற்றரின் விளக்கும் வர வேண்டும். வைப்பர் வேலை செய்ய வேண்டும். மீற்றரின் “திறப்பு” வயருக்கும் “எர்த்” வயருக்கும் நடுவில் அளந்தால், எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8க்கும் 14.4க்கும் இடையில் வரும். பற்றரி முனையில் அளந்ததை விட அரை வோல்ட் குறைவாக இருந்தால் எங்கோ ஒரு லக் சரியில்லை.

நிரந்தர கரண்ட் பிடித்தவர்கள் பற்றரி வடிகிறதா என்றும் பாருங்கள். மல்டிமீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, பற்றரியின் கழித்தல் முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் இணையுங்கள். திறப்பு வெளியே, கதவுகள் மூடி, கார் உறங்கும் வரை அரை மணி நேரம் விடுங்கள். அந்த இணைப்போடு ஸ்டார்ட் பண்ணிவிடாதீர்கள், மல்டிமீற்றர் போய்விடும். 50 மில்லிஅம்பியருக்குக் கீழே நின்றால் நல்லது. 50 என்றாலே ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி, 35 அம்பியர் மணிப் பற்றரி ஒரு மாதத்தில் காலி. ஊருக்குப் போய் மாதக் கணக்கில் நிற்பவர்கள் டோம் பியூஸில் இருக்கும் மீற்றரின் சின்னப் பியூஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். அளந்து முடிந்ததும் மல்டிமீற்றரின் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மறக்காமல் மாற்றுங்கள்.

முதல் வாரம்

கூலண்டை நிரப்பிக் காற்றை வெளியேற்றிய பிறகு, முதல் வாரம் எண்களைக் கவனித்துக்கொண்டே ஓட்டுங்கள். பல ஜப்பானிய எஞ்சின்களில், கூலண்டை ரேடியேற்றருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் 82 பாகை அளவில் திறக்கத் தொடங்கும். ஓட்டத்தில் 85 முதல் 92, நெரிசலில் 95ஐத் தாண்டி ஏறும், ரேடியேற்றர் விசிறி சுழலும், மறுபடி இறங்கும். உங்கள் காரில் விசிறி எந்த எண்ணில் தொடங்குகிறது என்று எழுதி வையுங்கள். பிற்காலத்தில் அந்த எண்ணைத் தாண்டியும் விசிறியின் சத்தம் கேட்காவிட்டால் ஏ.சி.யை நிறுத்தி ஓரமாக்குங்கள்.

ஊசி சந்தேகமாக ஏறினால் பொனெட்டைத் திறப்பதற்கு முன் ஹெட்லைட்டையும் ஏ.சி. ஊதியையும் அணைத்துப் போட்டுப் பாருங்கள். சுவிட்சைத் தட்டிய அதே கணத்தில் ஊசி துள்ளினால் அது எர்த். எஞ்சினின் சூடு துள்ளாது, மெதுவாக நகரும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை எர்த் போல்ட்டைத் திறந்து, பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து, தேய்த்து இறுக்கி, 0.1க்குக் கீழே வருகிறதா என்று அளந்துவிடுங்கள்.